ஒருசந்தியும் இரவு மாத்திரையும்

“சுடலாம், இல்லேன்னா உறைய வைக்கலாம்” என்று டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பேச்சு என் இதயத்தைப் பற்றியது. அதன் சொந்தக்காரி நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் டாக்டர் அவரைப் பார்த்தே பேசினார். அவரும் தன் கடைக்கு வந்த பம்புசெட்டைப் பற்றி விசாரிக்கிறவர் போலவே கேள்வி கேட்டார்.

“கருகிப் போனதைச் சரி பண்ணித்தான் சார் நான் இத்தினி வருசமா சோறு துண்ணுக்கினு இருக்கேன். நீங்க இன்னாடான்னா ஓடிக்கினு இருக்கறதைப் போயி கருக்கறேன்றீங்க?”

விழுப்புரத்தில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எது புகைந்தாலும் அவரிடம்தான் வரும். எனக்குத் திண்டிவனத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. காலையில் ரயிலேறிப் போய் மாலையில் ரயிலேறித் திரும்புகிறவள். அப்படி ஒரு நாள் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறும்போது நெஞ்சுக்குள் ஏதோ தாறுமாறாகத் துள்ளியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த ஜனம் என்னைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனது. மறுநாள் ஈசிஜி எடுத்த இடத்தில், இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். ஒரு வருடம் மாத்திரையிலேயே ஓட்டினோம். முதலில் எப்போதாவது வந்து போன நடுக்கம், பிறகு போகாமல் தங்க ஆரம்பித்தது. அதனால்தான் சென்னையில் இந்த டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. தாளில் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலிலிருந்து நான்கு ரத்தக் குழாய்கள் இதயத்தின் இடது மேலறைக்கு வருகின்றன. அவை வந்து சேரும் வாய்களில்தான் கள்ள மின்சாரம் கிளம்பி அறை முழுவதையும் நடுங்க வைக்கிறது. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை மேலே அனுப்பி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் சின்னத் துளை போட்டு இடப்பக்கம் நுழைவார்கள். அங்கே அந்த நான்கு வாய்களையும் சுற்றி வளையமாகத் தழும்பு உண்டாக்குவார்கள். தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது. சூடான முனையால் புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டு போவது ஒரு வழி. பலூனைக் குழாயின் வாயில் அடைத்து மொத்தமாக உறைய வைப்பது இன்னொரு வழி. மின் துடிப்பாலேயே செய்கிற புது முறையும் வந்திருக்கிறது, ஆனால் அந்த எந்திரம் அங்கே இன்னும் வரவில்லை. எனக்குப் பலூனே போதும் என்றார்.

“இன்சுலேசன்!” என்றார் என் வீட்டுக்காரர். “லைன் லீக் ஆவுது, அதைச் சுத்தி இன்சுலேசன் போடறீங்க. அவ்ளோதானே சார்?”

“அவ்வளவேதான் ஐயா” என்றார் டாக்டர். அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அறை நடுங்கிக்கொண்டிருந்தால் ரத்தம் ஒழுங்காக ஓடாமல் தேங்கும், தேங்கினால் கட்டிக்கொள்ளும். உள்ளே கட்டி இருக்கும்போது குழாயை விட்டால் அது பெயர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் கொண்டு விடலாம். அதனால் ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. இரவுச் சாப்பாட்டோடு போட வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

“நான் பொறுப்பு சார். சூரியன் தப்பினாலும் தப்பும், மாத்திரை தப்பாது.”

சொன்னபடியே செய்தார். கடையை மூடிவிட்டு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருவார். கை காலைக் கழுவுவதற்கு முன்பே அலமாரியைத் திறந்து மாத்திரையைப் பிதுக்கி, சொம்பில் தண்ணீரோடு என் முன்னால் வந்து நிற்பார். கையில் வார்னிஷ் வாடை அடிக்கும். காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் சேர்த்து வைத்தார். எதற்கு என்றால், “டாக்டர் கேட்டா காட்டணுமே” என்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வீட்டுப்பாடம் செய்யாத மனுஷன் இந்த வயதில் நோட்டுப் புத்தகம் காட்டத் துடித்தார்.

கெடுத்தது நான்தான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பிறந்ததும் நான் ஒருசந்தி பிடித்தேன். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் அது தெரிந்த விஷயம்தான், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஒரே வேளைச் சாப்பாடு. நோயாளிகள் இருக்க வேண்டியதில்லை என்று கோயிலிலேயே சொல்வார்கள். ஆனால் என்னுடையது நேர்ச்சை. அதற்கு முந்தின வருடம் இவருக்குக் கால் விரலில் வந்த சர்க்கரைப் புண் ஆறாமல் கிடந்து, விரலை எடுத்துவிடலாம் என்று பேசுகிற அளவுக்குப் போனது. விரல் தங்கினால் வருகிற தவக்காலம் முழுவதும் ஒருசந்தி இருக்கிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். விரல் தங்கியது. வாங்கிக்கொண்டு வாக்குத் தவறினால் மறுபடி அந்த விரலுக்கே ஏதாவது வந்துவிடும் என்று எனக்குப் பயம். படித்தவள்தான், அரசாங்க உத்தியோகம்தான். அந்தப் பயத்துக்கு முன்னால் அதெல்லாம் எடுபடவில்லை.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீடு இரண்டாகும். வெள்ளிக்கிழமையிலேயே கூச்சமில்லாமல் ஆம்லெட் சாப்பிடுகிற ஆள். அதனால் மதியம் அலுவலகத்தில் என் ஒரு வேளையை முடித்துக்கொள்வேன். எனக்கு எப்போதுமே எட்டு மணிக்குச் சாப்பாடு, இவருக்குப் பத்து மணிக்கு. முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். பிள்ளைகளும் வெளியூரில். நான் சாப்பிட்டேனா இல்லையா என்று பார்க்க வீட்டில் ஆளில்லை. ஆனாலும் ஜாக்கிரதையாக ஒரு தட்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பாத்திரக் கூடையில் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

“சாப்டியா?” என்பார் வந்ததும்.

“ஆச்சு.”

அவர் பார்வை ஒரு தரம் கூடைப் பக்கம் போகும். பிறகு மாத்திரை வரும். வெறும் வயிற்றில் விழுங்குவேன். சாப்பாட்டோடு என்று டாக்டர் சொன்னது வயிறு எரியாமலிருக்க என்று நானே முடிவு செய்திருந்தேன். எரிந்தால் எரியட்டும், அதுவும் தவத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன். பத்திரத்தில் ஒரு கையெழுத்து கோணலாக இருந்தால் ஆளைத் திருப்பி அனுப்புகிறவள் நான். என் வீட்டில் தினமும் ஒரு பொய்த் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

தவக்காலத்தின் நான்காவது வாரத்தில் சென்னைக்குப் போனோம். பலூனை விடுவதற்கு முன் உள்ளே கட்டி இல்லை என்று உறுதி செய்ய, வாய் வழியாக ஒரு எக்கோ எடுத்தார்கள். தொண்டையில் கசப்பாக எதையோ அடித்து மரத்துப் போக வைத்துவிட்டு, விரல் தடிமனுள்ள குழாயை விழுங்கச் சொன்னார்கள். கண்ணில் நீர் வழிய விழுங்கினேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். குழாயை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். பிறகு வெளியே எடுத்துவிட்டார்.

என்னை உட்கார வைத்து இவரையும் கூப்பிட்டார்கள். இடது மேலறையில் காது மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறதாம். அதில் ரத்தம் கட்டியிருக்கிறது. இன்றைக்குச் செய்ய முடியாது.

“மாத்திரை விட்டுப் போச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

இவர் பையைக் கவிழ்த்தார். காலி அட்டைகள் மேஜை முழுவதும் பரவின. “ஒண்ணுகூட இல்ல சார். எண்ணிக்கோங்க.”

“சாப்பாட்டோடதானே குடுத்தீங்க? வெறும் வயித்துல போட்டா அது உடம்புல சரியா சேராது. பாதி மருந்து வீணாப் போயிடும்.”

“சாப்ட்ட அப்பறம்தான் சார் குடுப்பேன். தட்டு கழுவி வச்சிருக்கறதப் பாத்துட்டுத்தான் சார் குடுப்பேன்.”

எனக்குத் தொண்டை இன்னும் மரத்துப் போயிருந்தது. ஆனால் நான் பேசாததற்குக் காரணம் அது இல்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அப்படியானால் இந்த மருந்து உங்கள் உடம்புக்கு வேலை செய்யவில்லை போலிருக்கிறது, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றார். இவர் மேஜை மேலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ஒருவேளை நான்தான் ஒரு நாள் மறந்துட்டேன் போல சார். வயசாவுதில்ல.”

அவர் மறக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். நிஜமாகவே தன் மேல் சந்தேகம் வந்து சொன்னாரா, டாக்டர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் செய்த காரியங்களில் நினைத்தால் இன்னும் கூசுவது அதுதான்.

பஸ்ஸில் வழி முழுவதும் அவர் அட்டைகளை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டு வந்தார். முந்தின இரவிலிருந்து நான் பட்டினி என்பதால் திண்டிவனத்தில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். மதியம் மூன்று மணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். எனக்கு மட்டும் சாப்பாடு சொன்னார்.

“உங்களுக்கு?”

“வேணாம். நீ துண்ணு.”

“காலையில சர்க்கரை மாத்திரை போட்டிருக்கீங்க. சாப்பிடாம இருந்தா மயக்கம் வரும்.”

“ஒண்ணும் வராது. இன்னிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி இருக்கலாம்னு இருக்கேன்” என்றார். “எத்தினியோ பேரு இருக்கறாங்க, நான் ஒரு வருசமாச்சும் இருந்திருக்கேனா? அதான் கடவுள் புடிச்சிட்டாரு. அட்டை சரியாத்தான் இருக்குது, ஆனா எங்கியோ கோட்டை வுட்டுட்டேன். உன் தலைல வந்து வுழுந்திடுச்சி. ராத்திரி ஒரு வேள துண்ணா போதும் எனக்கு.”

போட்ட சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். சர்க்கரை உடம்பை வைத்துக்கொண்டு, செய்யாத தப்புக்குப் பட்டினி கிடக்கப் போகிறார். அதுவும் நான் அவருடைய விரலுக்காகப் பிடித்த அதே ஒருசந்தியை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அழுகைதான் முந்தியது.

“நீங்க கோட்டை விடலைங்க. நான் ராத்திரி சாப்பிடலை.”

“எந்த ராத்திரி?”

“எல்லா ராத்திரியும். விபூதிப் புதன்லேர்ந்து ஒருசந்தி.”

அவர் யோசித்தார். காயிலில் எந்தச் சுற்று அறுந்தது என்று தேடும்போது வருகிற அதே முகம்.

“தட்டு?”

“நான்தான் நனைச்சு வச்சேன்.”

“தெனமுமா?”

“ஞாயித்துக்கிழமை தவிர.”

“ஞாயித்துக்கிழமை நெஜமா துண்ணியா?”

“நெஜமா.”

பக்கத்து மேஜைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எதுக்கு வேண்டிக்கின?” என்று கேட்டார்.

“உங்க கால் விரலுக்கு.”

அவர் குனிந்து மேஜைக்கு அடியில் தன் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். “அந்த வெரலு என்னுதுதானே? அதுக்காக உசுர வுடப் பாத்தியே, என்னாண்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?” என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு, “தட்டப் பாத்து நம்பினேன் பாரு” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். ஒருசந்தி அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தட்டுதான் சுட்டது.

பிறகு செல்போனை எடுத்து டாக்டர் நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். “நீயே சொல்லு.”

சொன்னேன். திண்டிவனத்தில் ஒரு ஓட்டலில், எச்சில் கையோடு, முப்பது வயதுகூடத் தாண்டாத ஒரு பையன் போன்ற டாக்டரிடம், தட்டை நனைத்தது வரைக்கும் சொன்னேன். “நல்லவேளை சொன்னீங்கம்மா. நாளைக்கு மருந்தையே மாத்தியிருப்பேன். இதையே வயிறாரச் சாப்பிட்டுப் போடுங்க. ஆறு வாரம் கழிச்சுப் பார்ப்போம்” என்றார். திட்டவே இல்லை. இவர் அதற்குள் இன்னொரு சாப்பாடு சொல்லிவிட்டிருந்தார்.

நேர்ச்சையில் பாக்கி நின்ற நாட்களை என்ன செய்வது என்பது எனக்கு இன்னும் உறுத்தல். அதற்கும் அவரே வழி சொன்னார். ஈஸ்டர் வரைக்கும் எனக்குப் பதிலாக அவர் கருவாடு, முட்டை, கறி எதையும் தொடுவதில்லை. “மாதா கணக்கா கேப்பாங்க? என் வெரலுக்கு நான் கட்டிக்கறேன்” என்றார். கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்பது மாதாவுக்கும் தெரிந்திருக்கும். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை.

அன்று மாலையிலிருந்து இன்னொன்றும் மாறியது. எட்டு மணிக்குள் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுகிறேனா என்று ஒவ்வொரு வாயாகப் பார்ப்பார். முதல் வாரம் பேச்சே கிடையாது. போலீஸ் காவலில் சாப்பிடுவது போலிருந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருக்க அலுத்துப் போய், இரண்டாவது வாரம் அவரும் அதே நேரத்துக்குத் தட்டை வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் மெல்லப் பேச்சும் வந்தது. எந்த ஊர் மோட்டார் எப்படிக் கருகியது, விக்கிரவாண்டிக்காரர் ஒருவர் மூன்று தரம் கட்டிக் கொடுத்தும் எப்படி மறுபடி புகைய வைத்தார் என்றெல்லாம் சொல்லுவார். நானும் பத்திர ஆபீஸ் சண்டைகளைச் சொல்லுவேன். ஒரே ஊரில் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேருக்குச் சொல்ல இவ்வளவு மிச்சம் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

ஆறு வாரம் கழித்துத் தொண்டையில் மறுபடி குழாய். கட்டி கரைந்து போயிருந்தது. மறுநாளே உள்ளே கொண்டு போனார்கள். முழு மயக்கம் இல்லை, அரைத் தூக்கம். தொடையில் ஒரு குத்தல், பிறகு எதுவும் தெரியவில்லை. நடுவில் ஒரு சமயம், ஐஸை அவசரமாகக் கடித்துத் தின்றால் வருகிற மாதிரி நெற்றியில் ஒரு குளிர்ந்த வலி வந்தது. இன்னொரு சமயம் விக்கல் விக்கலாக வயிறு தூக்கிப் போட்டது. வலப்பக்கக் குழாயை உறைய வைக்கும்போது, பக்கத்தில் ஓடும் மூச்சு நரம்பு அடிபடாமலிருக்கிறதா என்று பார்க்க அவர்களேதான் அந்த நரம்பைத் தூண்டி விக்க வைக்கிறார்களாம். விக்கல் குறைந்தால் உடனே குளிரை நிறுத்திவிடுவார்களாம். எனக்கு அது அப்போது தெரியாது. யாரோ என்னை நினைக்கிறார்கள் என்று அரைத் தூக்கத்தில் நினைத்துக்கொண்டேன். யார் என்பதில் சந்தேகம் வரவில்லை.

வெளியே கொண்டு வந்தபோது இவர் டாக்டரைப் பிடித்துக்கொண்டு, “நாலு லைனும் கட் ஆயிடுச்சா சார்? கரன்ட்டு தாண்டலியே?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தாண்டவில்லை. ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும் என்றார்கள். இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினார். தண்ணீர் கழுத்தில் ஒழுகியது. துடைத்துவிட்டார்.

முதல் சில வாரங்கள் அவ்வப்போது நெஞ்சு துள்ளியது. உள்காயம் ஆறும்வரை அப்படித்தான் என்றார்கள். மூன்றாவது மாதம் போனபோது ஈசிஜி தாள் முழுவதும் ஒரே சீராக ஓடியிருந்தது. இவர் அந்தத் தாளை வாங்கி, கடையில் மாட்டலாமா என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார். மாத்திரை இன்னும் கொஞ்ச நாளைக்குத் தேவை, ஆனால் வேறு ஒன்றுக்கு மாற்றித் தருகிறேன் என்றார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. “இதுக்குச் சாப்பாடு கணக்கு கிடையாதும்மா. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். இனிமே யாரும் உங்களைக் காவல் காக்க வேண்டியதில்லை.”

நல்ல செய்திதான். எனக்கு மனசு சோர்ந்து போனது. இவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டருக்குக் கும்பிடு போட்டார். திரும்பி வரும்போது கடையில் ஆடி மாதத்து வேலை தேங்கிக் கிடப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இனி பழையபடி ஒன்பதரை, பத்து மணிதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மாலை ரயிலிலிருந்து இறங்கி வந்து கேப்பைக் களி கிளறி, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். எனக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாமா, கொஞ்சம் இருக்கலாமா என்று யோசித்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. மணி எட்டுகூட ஆகவில்லை.

“இன்னாங்க, வேலை கிடக்குதுன்னீங்க?”

“கெடக்கட்டும். பசிக்குது. இன்னா கொழம்பு?”

பத்து மணிக்கு முன்னால் இந்த மனுஷனுக்குப் பசித்து நான் பார்த்ததில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் வாய் முழுங்குவதற்குள்ளேயே ஒரு பெரிய கதையை ஆரம்பித்துவிட்டார். மரக்காணத்திலிருந்து யாரோ உப்புத் தண்ணீரில் ஊறின மோட்டாரைக் கொண்டு வந்த கதை. நான் கேட்டுச் சிரித்து, நடுவில் சண்டை போட்டு, கை காயும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. கை கழுவிவிட்டு வந்தும் பேச்சு ஓடியது.

மணி பத்தாகப் போனபோதுதான் அவர் திடுக்கிட்டு எழுந்தார். “அய்யய்யோ, மாத்திர!” என்று அலமாரிக்கு ஓடினார். ஒரு நாளும் மறக்காத மனுஷன் அன்றைக்குப் பேச்சில் மறந்திருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.